துணைக்கால்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நீ வேலை பார்க்கிற கேமராக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டு முகவரி எனக்குத் தெரியாது. போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கடைக்கு வருகிற தபாலைப் பிரிக்காமல் இருக்க முடியாது அல்லவா, அதனால் இந்த வழி.

பயப்படாதே, நலம் விசாரிக்க எழுதவில்லை. வாடிக்கையாளராகத்தான் எழுதுகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம் எனக்கு வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கேமரா இன்னும் என்னிடம் இருக்கிறது. மிகச் சின்னப் பொருள் ஒன்றை அதில் பெரிதாகப் படம் எடுக்க வேண்டும். போனில் முயன்று பார்த்தேன். கிட்டே போனால் மங்குகிறது, எட்டப் போனால் ஒன்றும் தெரியவில்லை, நடுவில் நின்றால் போனின் நிழலே விழுகிறது. மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு கடையில் விலை கேட்டேன். கேட்டதற்கே காசு வாங்கிவிடுவார்களோ என்று வெளியே வந்துவிட்டேன்.

என் நிலைமை உனக்குத் தெரியும். துணி திருத்தும் கடையில் ஜிப் மாற்றுவதும், நீளமாக இருக்கிற பேன்ட்டுக்குக் கால் வெட்டுவதும்தான் பிழைப்பு. எனக்குக் கட்டுப்படியாகிற மாதிரி என்ன இருக்கிறது என்று சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தேவைக்கு ஏற்ற வழிகள் கீழே.

லென்ஸின் கழுத்தில் ‘மேக்ரோ’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். பல ஜூம் லென்ஸ்களில் அது வெறும் அலங்காரம். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் படம் எடுப்பதே உண்மையான மேக்ரோ. தங்கள் கேமராவில் அப்படி எடுத்தால் ஒரு கட்டைவிரல் அகலமுள்ள பொருளே படம் முழுக்க நிரம்பிவிடும். புதிதாக வாங்கினால் தங்கள் வருமானத்துக்கு எட்டாது.

மலிவான வழிகள் உண்டு. லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் பூதக்கண்ணாடி வில்லை ஒன்று, படத்தின் ஓரங்கள் மங்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம் இன்னொன்று. அதில் கண்ணாடியே கிடையாது, வெளிச்சம் குறையும். இருக்கிற லென்ஸையே தலைகீழாகத் திருப்பி மாட்டும் வளையமும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் பழகுவதற்குள் பொறுமை போய்விடும், தங்களுக்கு அது கொஞ்சம் குறைவு.

பொருளின் அளவு என்ன, அசையுமா, பளபளக்குமா என்று தெரியாமல் மேற்கொண்டு சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
விற்பனை, பழுதுபார்ப்புப் பிரிவு

பி.கு: அந்தக் கேமராவின் பிடியில் உள்ள ரப்பர் இந்நேரம் உரிந்திருக்கும். கண்ட பசையையும் போட்டு ஒட்ட வேண்டாம்.


பிப்ரவரி 17

தம்பிக்கு,

‘தங்கள்’ என்று நீ எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். ரப்பர் உரிந்துதான் இருக்கிறது. பசை போட்டு ஒட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

நீ கேட்டதற்குப் பதில். பொருள் அசையாது. பளபளக்கும். நான் படிக்க வேண்டிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அரிசி அகலம்கூட இருக்காது. அது ஒரு மாத்திரை அட்டை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். அம்மாவுக்குத் தொண்டையில் குழாய், பேச முடியாது. கையெட்டும் தூரத்தில் காகிதமோ பேனாவோ இல்லை. வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவள் அருகில் ஒரு பென்சில் வைக்க எனக்குத் தோன்றவில்லை, பார். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டில், சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் கீறியிருக்கிறாள். நான் திரும்பி வந்ததும் என் கையில் வைத்து விரல்களை மூடினாள். ‘சின்னவன் வர வேண்டாம்’. அதைத்தான் படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா தலையை ஆட்டி ஆட்டி அழுகிறாள். உன் மேல் இன்னும் அவ்வளவு கோபமா என்று நினைத்தேன். அப்பாவின் கேமராவை நீ கேட்காமல் விற்றதற்கு, “இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்று சொன்னவள்தானே. நாலு வருஷம் உன் பேரையே எடுக்காதவள்தானே.

அன்று மத்தியானமே நினைவு தப்பிவிட்டது. மூன்று நாள் கிடந்தாள். நான் உன்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிட்டேன். நீ வந்து தகனக்கூடத்து வாசலில், என் வீட்டுக்காரர், என் முதலாளியம்மா, அச்சகத்து ஆட்கள் எல்லாருக்கும் நடுவில் என்னைப் பார்த்து, “பொய் சொல்ற. அம்மா அப்படி எழுதியிருக்கவே மாட்டா. நீயா கட்டின கதை” என்றாய். நான் அட்டையை நீட்டினேன். அதைப் பார்க்காமலேயே போய்விட்டாய்.

இப்போது அந்த அட்டை என் பர்ஸுக்குள் இருந்து இருந்து ஓரமெல்லாம் வெடிக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் தகடு உதிர்ந்துவிடும். அப்புறம் நான் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி யார்? அதனால்தான் படம் எடுத்துப் பெரிதாக்கி உனக்கு அனுப்ப நினைக்கிறேன். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. சாவதற்குள் ஒரு தடவை “அக்கா பொய் சொல்லல” என்று நீ சொல்ல வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

சாட்சி தேடுகிறாயா? எனக்குச் சாட்சி வேண்டாம், அம்மாவைத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்று விடுதியிலிருந்து எழுதியபோது, கடிதத்தில் இருந்த ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள்தான் மருந்து அனுப்பினாள். கோபம் வந்தால் முகத்துக்கு நேரே திட்டுகிறவள். செத்துக்கொண்டிருக்கும்போது ஊக்கால் கீறியா என்னை விரட்டுவாள்? நீ அவளைத் தனியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாய். அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதேதான்.

ஆனாலும் கோபத்துக்காக உன்னைத் தப்பான லென்ஸ் வாங்க விட முடியாது. தொழில் என்று ஒன்று இருக்கிறது. இத்துடன் ஒரு பழைய மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கிறேன். எல்லாம் கையால்தான் திருக வேண்டும். முன் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு, அதனால்தான் அடிமாட்டு விலைக்கு வந்தது. படத்தில் அது தெரியாது. லென்ஸில் உள்ள கீறலை எல்லாரும் பெரிதாக நினைக்கிறார்கள். இது தனியாக எடுத்தால் பாதி அளவுதான் தரும். கூடவே இருக்கிற வளையத்தை நடுவில் மாட்டினால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். பொருளுக்கும் லென்ஸுக்கும் மூன்று விரல் இடம்தான் மிஞ்சும், இடித்துவிடாதே.

விலை வேண்டாம். வாடிக்கையாளருக்குப் பரிசு என்று வைத்துக்கொள்.

படத்தை அனுப்பு, நானும் பார்க்கிறேன். பொய் எத்தனை பெரிதாக்கினாலும் பொய்தான்.


மார்ச் 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. லென்ஸைச் சுற்றி நீ வைத்திருந்தது உன் பழைய பனியன் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவைத் தனியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேனாம். படுக்கையில் அவளைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்க எனக்கு அவ்வளவு ஆசை. சரி, விடு. எழுத எழுத வளரும்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். சாப்பாட்டு மேஜையில் அட்டையை வைத்து, நாற்காலியில் மண்டி போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். அறுபது படம். ‘சின்னவன்’ ஓரளவுக்குத் தெரிகிறது. ‘ன்ன’வுக்கு அம்மா அந்தச் சுழியை எவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்கிறாள்! ஆனால் ‘வேண்’ தாண்டியதும் ஒரு மாத்திரை இருந்த ஓட்டை வருகிறது. மாத்திரையை அழுத்தி எடுத்தபோது அங்கே தகடு கிழிந்து உள்பக்கமாக மடிந்து கிடக்கிறது. தகட்டின் மேல்பரப்பு தெளிவாக இருந்தால் அந்தப் பள்ளம் மங்குகிறது. பள்ளம் தெளிந்தால் மேலே எல்லாம் மங்குகிறது. ஒரு மயிரிழைதான் வித்தியாசம், அதற்குள் எப்படி ஐயா இவ்வளவு? போதாதற்கு ஜன்னல் வெளிச்சம் பட்டால் தகடு கண்ணாடி மாதிரி அடிக்கிறது, எழுத்தே காணோம்.

என்ன செய்ய வேண்டும் சொல். திட்டாமல் சொல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

போன கடிதத்தில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. அம்மாவை வைத்துப் பார்த்தது நீதான். நான் நாலு வருஷம் ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஒரே மண்ணில் செய்த சட்டிகள்.

இனி நான் சொல்கிற மாதிரி செய். கேமராவைக் கையில் பிடிக்காதே, தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன் மேல் வை. லென்ஸைத் திருகித் தெளிவு தேடாதே. திருகலை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, அட்டையின் கீழே ஒவ்வொரு காகிதமாகச் சொருகி உயர்த்து. கிட்டே போகப் போகத் தெளிவாகத் தெரிகிற ஆழம் சுருங்கிவிடும், லென்ஸின் குணம் அது, உன் தப்பில்லை. லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்துக்கான எண்ணைப் பதினொன்றில் வை. பத்து வினாடி டைமர் போட்டுவிட்டுத் தள்ளி நில், உன் மூச்சுக்கூட ஆட்டும்.

வெளிச்சம்தான் முக்கியம். திரையை இழுத்து மூடிவிட்டு ஒரு சின்ன டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்து, பக்கவாட்டிலிருந்து அடி. மேலேயிருந்து அடித்தால் தகடு பளபளக்கும். பக்கத்திலிருந்து அடித்தால் கீறலின் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். கிழிந்த இடத்தை இரண்டு படமாக எடு, மேல்பரப்புக்கு ஒன்று, உள்ளே மடிந்ததற்கு ஒன்று.

ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். அம்மாவுக்குக் கடைசியில் ரொம்ப வலி இருந்ததா?

சின்னவன்


மார்ச் 27

தம்பிக்கு,

வலி பெரிதாக இல்லை. மருந்து கொடுத்துவிட்டார்கள். கை மட்டும் போர்வை மேல் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. நான் என் கையைக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மறுபடி தேடினாள்.

என்னால் படம் எடுக்க முடியவில்லை. கண் சரியில்லை. ஊசியில் நூல் கோர்க்கவே நேற்று மூன்று தடவை ஆயிற்று. அட்டையை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்துப் பஞ்சு சுற்றியிருக்கிறேன், பார்த்துப் பிரி. உன்னிடம் நல்ல கருவியெல்லாம் இருக்கும். நீயே எடுத்துப் பார்.

என்ன இருக்கிறதோ அதைச் சொல். எனக்காக எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. கடையில் இருக்கிற நல்ல லென்ஸில் வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, நிதானமாகப் படம் எடுத்துப் பார்த்தேன்.

நீ சொன்னதுதான் சரி. ‘சின்னவன் வர வேண்டாம்’ என்றுதான் இருக்கிறது. ‘ட’வும் அதை அடுத்து வருகிற துணைக்காலும் மிகத் தெளிவாக இருக்கின்றன. கால் நேராக இறங்குகிறது, கொஞ்சம்கூடச் சந்தேகமே இல்லை. வேறு மாதிரி படிக்க வழியே இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

அக்கா பொய் சொல்லவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் உன்னை அப்படிப் பேசிய வாயை எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு. அம்மா வேண்டாம் என்றாள், நீ அவள் பேச்சைக் கேட்டாய், அவ்வளவுதான். உன் மேல் குற்றமே கிடையாது. நீ நிம்மதியாக இரு.

படத்தை அனுப்ப முடியவில்லை. மெமரி கார்டு பழுதாகிவிட்டது, அதில் இருந்ததெல்லாம் போய்விட்டது. மறுபடி எடுக்கத் தகடு தாங்காது. அட்டையை நானே வைத்துக்கொள்கிறேன். தப்பாக நினைக்காதே, என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

சின்னவன்


ஏப்ரல் 11

என் கண்ணே, தம்பி,

உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் நீ வளவளவென்று விளக்குவாய். ஊர்ப்பட்ட கேமராக்களைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு மெமரி கார்டைக் காப்பாற்றத் தெரியாதா? ‘வர வேண்டாம்’ என்று எழுதிய அட்டையை எந்தப் பிள்ளையாவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவானா?

நான் சொன்னதும் பொய். என்னால் படம் எடுக்க முடிந்தது. மார்ச் 21, மத்தியானம், கடைக்கு விடுமுறை. நீ சொன்னபடியே திரையை மூடி, டார்ச்சைப் படுக்க வைத்து, அட்டையின் கீழே ஒவ்வொரு காகிதமாகச் சொருகினேன். மேல்பரப்புக்கு ஒரு படம் எடுத்தேன். அதில் ‘ட’ இருந்தது, பக்கத்தில் நேராக ஒரு கால் இருந்தது, இரண்டு வருஷமாக நான் பார்த்த அதே கால். அப்பாடா என்றிருந்தது. நீ சொன்னாயே என்று உள்ளே மடிந்ததற்கும் ஒன்று எடுத்தேன்.

மேலே எல்லாம் மங்கிப்போயிற்று. மடிந்த தகடு தெளிந்தது. நான் கால் என்று நினைத்தது தகடு மடிந்த விளிம்பு, தம்பி. அது அம்மா கீறிய கோடே இல்லை. அம்மாவின் கோடு ‘ட’வின் அடியிலிருந்து கிளம்பி, கிழிந்த இடத்துக்குள் இறங்கி, மடிப்பின் உள்பக்கத்தில் மேலே வளைந்து சுழித்திருந்தது. அது ‘டு’. அம்மா எழுதி முடித்த பிறகு அந்த மாத்திரைக் குழியை யார் அழுத்தினார்கள் தெரியுமா? நான்தான். அட்டையில் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அவள் என் கையில் வைத்து மூடியதும், மாத்திரையைக் கேட்கிறாளாக்கும் என்று அதை அழுத்தி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் திருப்பிப் படித்தேன்.

படித்துவிட்டு அவளிடம் என்ன சொன்னேன் என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. “சரிம்மா, அவன வரவிட மாட்டேன். நீ நிம்மதியா இரு” என்றேன். அதற்குத்தான் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். நான் கண்ணைத் துடைத்துவிட்டேன். போர்வை மேல் அவள் கை தேடியது உன் கையை. மூன்று நாள் இருந்தாள். நீ ஒரு நாளில் வந்து சேர்ந்திருக்கலாம்.

இதை உனக்கு எழுத ஆறு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கை வரவில்லை. அதனால்தான் அட்டையை அனுப்பினேன். நீயே பார்த்து என்னைத் திட்டுவாய், அன்றைக்குத் திட்டியதைவிட அதிகமாகத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்தால், நீ உன் அம்மாவையே எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய். ‘அம்மா வேண்டாம் என்றாள்’ என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், நான் ஒழுங்காகத் தூங்க வேண்டும் என்பதற்காக. அக்கா பொய் சொல்லவில்லை என்று நீ சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதை இப்படி வாங்கவா கேட்டேன்?

எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். அது உன்னுடைய சொத்து. அவள் உன்னைக் கூப்பிட்டாள். கடைசியாக அவள் எழுதியதே உன்னைக் கூப்பிட்டுத்தான். இனி யார் கேட்டாலும், உன் மனசே கேட்டாலும், அதை மாற்றிச் சொல்லாதே. நாள் முழுக்க ஊரார் பேன்ட்டுக்குக் கால் வெட்டுகிறவள் நான். அம்மா போடாத ஒரு காலை அன்றைக்கு எனக்கு வெட்டத் தெரியவில்லை. இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறதா எனக்குத் தெரியாது, அதனால் கேட்கவில்லை.

இரண்டு படத்தையும் அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். லென்ஸ் நல்ல லென்ஸ். நீ சொன்ன மாதிரி அந்தக் கீறல் படத்தில் எங்கேயும் தெரியவில்லை.

எண்ணைத் திறந்துவிட்டதாக எழுதியிருந்தாய். நேற்று நாலு தடவை எடுத்து வைத்துவிட்டேன். போனில் என்ன பேசுவது, அழுவேன். அம்மா வேலை பார்த்த அச்சகத்தில், புத்தகம் அச்சாகி முடிந்த பிறகு பிழை தெரிந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? பசை தடவும் வேலையை நமக்குத் தருவாள். நீ பாதியை விரலில் பூசிக்கொள்வாய். அது போல ஒன்று நானும் ஒட்டுகிறேன். புத்தகத்தைத் திருப்பி அச்சடிக்க முடியாது, வேறு என்ன செய்ய?

பிழை: சின்னவன் வர வேண்டாம்.
திருத்தம்: சின்னவன் வர வேண்டும்.

இந்தத் தடவை ‘டு’வைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். லென்ஸ் தேவைப்படாது.

அக்கா